முற்றத்தில் நட்ட கால்

ஜீப் வந்து நின்றபோது பந்தக்காலின் அடியில் ஊற்றிய பால் இன்னும் மண்ணில் முழுதாக இறங்கவில்லை. ஈ மொய்க்கத் தொடங்கியிருந்தது. நான் ஓர் ஈர்க்குச்சிக் கட்டை வைத்துக்கொண்டு ஈ விரட்டிக்கொண்டிருந்தேன். பி.ஏ. படித்து முடித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்ணுக்கு அன்று கொடுக்கப்பட்ட உத்தியோகம் அதுதான்.

ஜீப்பிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தவர் வெள்ளைச் சட்டை போட்ட சர்க்கார் அதிகாரி. பின்னால் வந்தவர் பெரிய மீசை வைத்த பட்டாளக்காரர். இருவரும் தங்குவதற்கு ரூம் தேடி வந்தவர்கள் என்று அப்பா நினைத்துவிட்டார். பட்டு வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக வாசலுக்கு ஓடினார்.

“வாங்க சாரே. மாடியில காத்து வாற ரூமாப் பாத்துத் தாரேன். மொதல்ல ஒரு வாய் காப்பி சாப்பிடுங்க. இன்னைக்கு வீட்டுல விசேஷம்.”

“காப்பி பின்னே ஆகட்டும் முதலாளி,” என்றார் அதிகாரி. அவர் மலையாளி. எங்களிடம் பேசுவதற்காகத் தமிழை இழுத்துப் பிடித்துப் பேசினார். “ரூம் ஒண்ணும் ரெண்டும் அல்ல. கெட்டிடம் முழுக்க வேணும். யுத்தம் அல்லே. மேலேயிருந்து உத்தரவு ஆயிட்டுண்டு. நாளைக்கழிச்சு, மறுநாள் காலி ஆக்கித் தரணும்.”

அப்பாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. உள்ளே வடிவக்கா கையில் மருதாணியோடு உட்கார்ந்திருந்தாள். அவள் கல்யாணத்துக்கு நட்ட கால்தான் அது.

பெயர்ப்பலகை

என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் திருவனந்தபுரத்துக்கு வந்தவர். இன்னொருவர் ஹோட்டலில் இலை எடுத்து, பிறகு கல்லாவில் உட்கார்ந்து, கடைசியில் கிழக்கேகோட்டையில் பஸ்கள் திரும்பும் இடத்துக்கு இரண்டு தெரு தள்ளிச் சொந்தமாக ஒரு லாட்ஜ் கட்டினார். கீழே சாப்பாடு, மேலே ரூம்கள், சமையல்கட்டுக்குப் பின்னால் எங்கள் குடித்தனம். முன்னால் வண்டிகள் வந்து திரும்புகிற அளவுக்குப் பெரிய முற்றம்.

கட்டிடம் முடிந்த வருஷம்தான் வடிவக்கா பிறந்தாள். அப்பா அவள் பெயரையே ஹோட்டலுக்கும் வைத்தார். ‘வடிவு விலாஸ்.’ மேலே தமிழிலும் கீழே மலையாளத்திலும் எழுதிய பலகை. பின்னால் பிறந்த எனக்கு ஒரு டீக்கடைகூட வைக்கவில்லை. இதைச் சொல்லி அப்பாவை நான் கடைசிவரை சீண்டியிருக்கிறேன். “ஒனக்கு எடம் பாத்திட்டுத்தான் இருக்கேன்ட்டி” என்று அவரும் கடைசிவரை சொன்னார்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு யாரிடமும் எதையும் கேட்க வராது. மற்றவர்கள் கேட்டால் கொடுப்பார். சோறு கேட்டால், ரூம் கேட்டால், தவணை கேட்டால், எல்லாவற்றுக்கும் சரி என்பார். ஆனால் தனக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்பது என்றால் அவரால் முடியாது. பந்தியில் அவர் இலையில் உப்பு இல்லையென்றால் உப்பில்லாமலே சாப்பிட்டு எழுந்து வருகிறவர். அம்மா இதைச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வாள். எனக்கும் கோபம் வரும். நான் சொல்ல வந்த கதை முழுக்க இந்த ஒரு குணத்தைச் சுற்றித்தான் வருகிறது.

கால் நடுவது

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குச் சில நாட்களுக்கு முன்பே வீட்டு முற்றத்தில் பந்தக்கால் நடுவார்கள். கல்யாண முருங்கை மரத்திலிருந்து ஒரு கொம்பை வெட்டி வருவார்கள். இங்கே மலையாளத்தில் அதை முரிக்கு என்பார்கள், நாங்கள் முருக்கு என்போம். அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நுனியில் மாவிலை கட்டி, நவதானியம் முடிந்த மஞ்சள் துணியைச் சுற்றி, குழியில் இறக்கிப் பால் ஊற்றுவார்கள்.

நட்டுவிட்டால் அதற்குப் பிறகு பேச்சே கிடையாது. வீட்டில் சாவு விழுந்தாலும் கல்யாணம் நிற்காது. கல்யாணம் முடிகிறவரை அந்தக் காலை யாரும் அசைக்கக் கூடாது. பெண்ணும் வீட்டு எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லாம் முடிந்த பிறகு கொம்பை எடுத்துக் கிணற்றடியில் ஊன்றித் தண்ணீர் விடுவார்கள். அது துளிர்த்தால் அந்தத் தம்பதி நன்றாக இருப்பார்கள் என்று எல்லோருக்கும் சந்தோஷம். முருக்கு எங்கே ஊன்றினாலும் துளிர்க்கிற மரம். நம் முன்னோர்கள் விவரமானவர்கள், துளிர்க்காத மரத்தை வைத்து யாரையும் பயமுறுத்தவில்லை.

வடிவக்காவுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை நாகர்கோவிலில் பாங்கு வேலையில் இருந்தார். பெண் பார்க்க வந்த அன்று எல்லோரும் பஜ்ஜியில் மும்முரமாக இருந்தபோது அவர் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். “ஹோட்டல்ல இருக்குற பேரு ஒங்க பேருதானா?” இவள் தலையாட்டினாளாம். “அப்ப வழி தவறாது” என்றாராம். இந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு என் அக்கா மாதக்கணக்கில் சிரித்துக்கொண்டு திரிந்தாள். சாம்பாரில் இரண்டு தரம் உப்புப் போட்டாள். அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

சுண்ணாம்பு வட்டம்

அதிகாரி நல்ல மனிதர்தான். அப்பா பந்தக்காலைக் காட்டி விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் விழுந்துவிட்டது. “கஷ்டமாயிப் போச்சு” என்று இரண்டு முறை சொன்னார். ஆனால் எழுபத்தொன்றாம் வருஷத்து யுத்தம் அது, வடக்கிலிருந்து ரயிலில் பட்டாளம் வந்துகொண்டிருந்தது. கடற்கரைக் காவலுக்குப் போகிறவர்கள் தங்குவதற்கு நகரத்தில் இருந்த பெரிய லாட்ஜுகளை எல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டிருந்தது. எங்களுடையதை விடுவதற்கு வழி இல்லை. வண்டிகள் நிற்க முற்றமும் வேண்டும்.

அப்பா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. “சண்டைக்குப் போறவனுக்குப் படுக்க எடம் குடுக்கலன்னா நாம என்ன மனுஷன்” என்று அம்மாவிடம் சொன்னார். காலை மட்டும் அசைக்காமல் விட்டால் போதும், தாலி கட்டுவதைப் பக்கத்தில் கரமனையில் மாமா வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். இதைக்கூட அவராகப் பட்டாளக்காரரிடம் கேட்கவில்லை. அதிகாரிதான் எடுத்துச் சொன்னார்.

மீசைக்காரர் கேட்டுவிட்டு முற்றத்துக்கு வந்தார். கழற்றுவதா வேண்டாமா என்று யோசிக்கிறவர் போலப் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார். பிறகு தள்ளி நின்றே காலைப் பார்த்துக் கும்பிட்டார். தன் ஆளைக் கூப்பிட்டுச் சுண்ணாம்புத் தூள் கொண்டுவரச் சொல்லி, காலைச் சுற்றிப் பெரிய வட்டம் போட வைத்தார். அதற்குள் வண்டி வராது என்று கையால் ஜாடை காட்டினார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

நாங்கள் கிளம்பிய அன்று வடிவக்கா வட்டத்துக்குள் போய்க் குனிந்தாள். எல்லை தாண்டக் கூடாத பெண் எல்லை தாண்டப் போகிறாளே என்று அம்மாவுக்குப் பயம். அதற்குப் பரிகாரமாக, காலடி மண்ணில் ஒரு பிடி எடுத்து அக்காவின் முந்தானையில் முடிந்துவிட்டாள். மண்ணில் பால் வாசனை அடித்தது. நாங்கள் தெருமுனை திரும்பும்போது ஏணி போட்டு ஒருவன் பெயர்ப்பலகைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தான். முதலில் அழிந்தது ‘வடிவு’.

எதிர்ப்பக்கத்து வெற்றிலைக் கடை

கரமனையில் மாமா வீடு சின்ன வீடு. பந்திக்கு இடம் எங்கே, பாத்திரத்துக்கு எங்கே என்று ஒரே ரகளை. சாயங்காலமானால் விளக்கு வெளியே தெரியாமல் சன்னலுக்குக் கருப்புத் தாள் ஒட்ட வேண்டும். கல்யாணப் பத்திரிகை கட்டிவந்த கருநீலத் தாளையே நாங்கள் ஒட்டினோம்.

அப்பா தினமும் காலையில் பஸ் பிடித்துக் கிழக்கேகோட்டைக்குப் போவார். எங்கள் ஹோட்டலுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு வெற்றிலைக் கடை உண்டு. அதன் நிழலில் நின்று கேட்டுக்குள் பார்ப்பார். கால் நிற்கும். மஞ்சள் துணி தெரியும். திரும்பி வந்து, “நிக்கி” என்பார். அதைக் கேட்ட பிறகுதான் அம்மா அடுப்பைப் பற்ற வைப்பாள்.

ஒருநாள் திரும்பி வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு அதையே எடுத்துத் திரும்பவும் போட்டுக்கொண்டார். அம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அரிசி களைந்த கையோடு வந்து நின்றாள்.

“கால் இல்ல,” என்றார் அப்பா. “அந்த எடத்துல லாரி நிக்கி.”

மீசைக்காரரின் ஆட்கள் விழிஞ்ஞத்துக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார்கள். அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வந்திருந்தார்கள். சுண்ணாம்பு வட்டம் மழையில் கரைந்து போயிருந்தது. வந்தவர்களுக்கு முற்றத்தின் நடுவில் ஒரு கொம்பு எதற்கு நிற்கிறது என்று எப்படித் தெரியும்?

“உள்ள போயிக் கேட்டியளா?” என்றாள் அம்மா.

“எப்படிக் கேக்கச் சொல்லுத? அவன் சண்டைக்குப் போறவன். அவங்கிட்டப் போயி, ஏ தம்பி, எங்க வீட்டுக் குச்சியை எங்க போட்டன்னு கேக்கவா?”

வடிவக்கா உள்ளறையில் இருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. வெளியே வரவில்லை.

நாகர்கோவில்

அம்மா யோசனைக்காரி. வேறொரு முருக்கங்கொம்பை மாமா வீட்டு முற்றத்தில் நட்டுவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்றாள்.

“நமக்குத் தெரியும்லா,” என்றார் அப்பா.

அவர் நாகர்கோவிலுக்குப் போய் நடந்ததைச் சொல்லியே தீருவேன் என்று நின்றார். ஒரு வீட்டில் பெண் கொடுக்கும்போது கால் விஷயத்தை மறைப்பது பாவம் என்பது அவர் கணக்கு. இந்த ஊரில் வேறு எந்த மனிதனும் செய்திருக்க மாட்டான். கேட்பதற்கு வராத வாய், சொல்வதற்கு மட்டும் எப்படி வந்ததோ. நானும் கூடப் போனேன்.

மாப்பிள்ளையின் அம்மா எங்களுக்கு மோர் கொடுத்தாள். அப்பா சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேசவில்லை. பிறகு சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“அண்ணாச்சி, ஒங்கள நாங்க குத்தம் பறையல. ஒளிக்காம வந்து சொன்னியளே, அது பெரிய மனசு. ஆனா நட்ட காலைப் பிடுங்கியாச்சு. எனக்கு ஒத்தப் பய. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா, இதைத்தானே நெனப்பேன். மனசு ஒப்பல, பாத்துக்கிடுங்க.”

“பிடுங்குனது நாங்க இல்லையே அத்தை,” என்றேன் நான். என்னால் அடக்க முடியவில்லை. “சர்க்கார் வண்டி நிறுத்துனதுக்கு எங்க அக்கா என்ன செய்வா?”

கதவுப் பக்கம் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். அவர் அப்பாவைப் பார்த்தார், தன் அம்மாவைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். வழி தவறாது என்று சொன்ன மனிதர் அவர்தான். எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்றும் முழுதாகத் தணியவில்லை.

‘யுத்தம் முடியட்டும், பார்க்கலாம்’ என்று பேச்சை முடித்தார்கள். யுத்தம் சீக்கிரமே முடிந்தது. தை பிறந்ததும் அவருடைய கல்யாணப் பத்திரிகை எங்களுக்கும் தபாலில் வந்தது. பெண் சுசீந்திரம். அப்பா அதை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். வேறு எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

கிணற்றடி

யுத்தம் முடிந்தும் கட்டிடம் உடனே திரும்பவில்லை. பங்குனி வெயிலில் ஒருநாள் சாவியை வாங்கிக்கொள்ளச் சொல்லி ஆள் வந்தது. நாங்கள் நாலு பேரும் போனோம்.

உள்ளே பூட்ஸ் பாலிஷ் வாசனையும் மண்ணெண்ணெய் வாசனையும் அடித்தது. சுவரெல்லாம் ஆணி. சமையல்கட்டு உரலில் யாரோ சோப்புக் கரைத்திருந்தார்கள். மற்றபடி பெரிய சேதம் இல்லை. ரூம்களைக் கூட்டிச் சுத்தமாக வைத்திருந்தார்கள். பட்டாளம் இருந்த காலத்திலும் பெருக்கித் துடைக்க எங்கள் சரசம்மாவையே வைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் பல வருஷமாக எங்களிடம் வேலை செய்தவள். எங்களைப் பார்த்ததும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து வடிவக்காவின் கையைப் பிடித்தாள்.

“மோளே, கல்யாணம் நல்லா நடந்துதா? மாப்பிள்ளை வரலையா?”

அப்பா முற்றத்தில் லாரி எண்ணெய் சிந்திக் கருத்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். “கால் போனதோட கல்யாணமும் போச்சு சரசம்மா” என்று அம்மாதான் சொன்னாள்.

சரசம்மா விழித்தாள். “கால் எவிடப் போச்சு? அது கிணத்துக்கரையில நிக்குதே. நீங்க கண்டில்லே?”

நாங்கள் பின்பக்கம் ஓடினோம். கிணற்றடியில், துவைக்கிற கல்லிலிருந்து தண்ணீர் வழிகிற இடத்தில், நாலு செங்கல் பாத்திக்கு நடுவில் எங்கள் கொம்பு நின்றது. சுற்றிலும் உடைந்த பெட்டிப் பலகையால் ஆடு கடிக்காமல் வேலி. நவதானியம் முடிந்த மஞ்சள் துணி வெளுத்துப்போய் அப்படியே இருந்தது. அதற்கு மேலே கொம்பு முழுக்கத் துளிர்விட்டு, மும்மூன்று இலையாகப் பச்சைப் பசேலென்று விரிந்திருந்தது.

சரசம்மா நடந்ததைச் சொன்னாள். புதிதாக வந்தவர்கள் லாரி நிறுத்த இடம் போதவில்லை என்று கொம்பைப் பிடுங்கி வெளியே போடப் போனார்களாம். அவர்களில் ஒருவன், எந்த ஊர்க்காரனோ, இது என்ன என்று இவளிடம் ஜாடையில் கேட்டிருக்கிறான். இவள் கழுத்தில் தாலி கட்டுவதுபோலக் காட்டியிருக்கிறாள். அவன் உடனே மற்றவர்களை நிறுத்திவிட்டு, அடிமண் கலையாமல் ஒரு பக்கெட்டில் எடுத்துவந்து இங்கே நட்டானாம். அவர்கள் போகிறவரை, தான் குளிப்பதற்கு முன்னால் இதற்குத் தண்ணீர் ஊற்றினானாம்.

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா சரசம்மா?” அம்மாவின் குரல் உடைந்துவிட்டது.

“முதலாளி நித்தமும் எதிர்ல வந்து நிக்குறதை நான் கண்டேனே. கேட்டுல நிக்குறவங்க பறஞ்சிருப்பாங்கன்னு நெனச்சேன். கேட்டிருந்தா யாரும் பறஞ்சிருப்பாங்களே.”

அவள் சொன்னதில் குற்றம் ஒன்றும் இல்லை. கேட்டிருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள். ரோட்டைத் தாண்டி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கால் இடம்தான் மாறியிருக்கிறது, கல்யாணத்துக்குப் பிறகு எங்கே ஊன்றுவோமோ அங்கேயே ஊன்றியிருக்கிறார்கள் என்று தெரிந்திருக்கும். நாகர்கோவில் அத்தையைக் கையோடு கூட்டிவந்து துளிரைக் காட்டியிருக்கலாம். அப்பாவுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வடிவக்கா அழவில்லை. இடுப்பிலிருந்து ஒரு சின்ன முடிச்சை எடுத்தாள். அந்த ஒரு பிடி மண்ணை அவள் அத்தனை மாதமும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. பாத்தியில் அதைத் தூவி, கையால் தட்டிவிட்டாள்.

வெட்டிக் கொடுத்தவள்

பெயர்ப்பலகைக்குத் திரும்ப எழுத்து எழுதினோம். ஆனாலும் ஊர்க்காரர்களுக்குப் பல வருஷம் அது ‘பட்டாள ஹோட்டல்’தான். அதைவிட மோசமான பெயரை எங்கள் சொந்தக்காரர்கள் வைத்தார்கள். கால் பிடுங்கின வீடு. அக்காவுக்கு இரண்டு மூன்று வரன் வந்து, இதைக் கேள்விப்பட்டுத் திரும்பிப் போனது. மரத்தை வெட்டிவிடலாம் என்று அப்பா ஒருநாள் அரிவாளை எடுத்துக்கொண்டு போனார்.

“அது பாட்டுக்கு நிக்கட்டும்ப்பா. அது என்ன செஞ்சுது,” என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு வரன் பேச்சையும் அவளே நிறுத்திவிட்டாள். கல்லாவில் உட்கார்ந்தாள். அப்பா காலமான பிறகு ஹோட்டலை முழுக்க அவள்தான் நடத்தினாள். அப்பாவைவிட நன்றாகவே நடத்தினாள். அவளுக்குக் கேட்கத் தெரியும்.

என் கல்யாணத்துக்கு முருக்கங்கொம்பு தேடி அலைந்தார்கள். ஊரில் வீடுகள் பெருகிப் போய் மரங்கள் இல்லை. அக்கா பின்பக்கம் போய், நேராக வளர்ந்த கொம்பு ஒன்றை வெட்டி மஞ்சள் பூசிக் கொண்டுவந்து வைத்தாள். அம்மா வேண்டாம் என்று வாயெடுத்தாள். அக்கா பார்த்த பார்வையில் அடங்கிவிட்டாள். எனக்கு மாலை போட்டபோது நான் அழுததைப் பார்த்து, பிறந்த வீட்டைப் பிரிகிற துக்கம் என்று எல்லோரும் சமாதானம் சொன்னார்கள். நான் அந்தக் காலைப் பார்த்துத்தான் அழுதேன்.

பிறகு கரமனையிலிருந்தும் சாலைக் கடைத்தெருவிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் கொம்புக்கு வடிவு விலாஸ். கால் பிடுங்கின வீடு என்று சொன்னவர்களும் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருமுறை நாகர்கோவிலிலிருந்து ஒருவர் வந்தார். பேசியதில் அந்தப் பழைய மாப்பிள்ளையின் அக்காள் மகன் என்று தெரிந்தது. அவருக்கு எங்களைத் தெரியவில்லை. அக்கா அன்று இருந்ததிலேயே நல்ல கொம்பாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தாள்.

“ஏன்க்கா?” என்று கேட்டேன்.

“பொண்ணு ஆரோ எவளோ. அவ நல்லா இருக்கட்டும்ட்டி,” என்றாள். பிறகு முருக்கின் இலையை அரிசியோடு அரைத்து அடை சுட்டாள். மேலே ரூமில் தங்கியிருந்த ஒருவருக்கு இருமல், அதற்கு அது கைமருந்து.

இரண்டாம் தடவை

கொரோனா வந்த வருஷம் சர்க்கார் திரும்பவும் ஹோட்டலைக் கேட்டது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைத் தனியாகத் தங்க வைக்க இடம் வேண்டும். யுத்தகால அடிப்படையில் என்று உத்தரவில் எழுதியிருந்தது. நான் அதைப் படித்துக் காட்டியபோது அக்கா லேசாகச் சிரித்தாள். அவளுக்கு அப்போது எழுபது தாண்டிவிட்டது.

சாவி வாங்க வந்தவள் பிந்து டீச்சர். பள்ளிக்கூடம் மூடியிருந்ததால் இந்த வேலைக்குப் போட்டிருந்தார்கள். பாறசாலைக்காரி, தமிழும் மலையாளமும் கலந்து பேசுவாள். முகத்தில் மாஸ்க், கையில் கையுறை. அக்கா அவளைப் பின்பக்கம் கூட்டிப்போய் மரத்தைக் காட்டினாள்.

“எல்லாம் எடுத்துக்கிடுங்க டீச்சர். இந்த மரத்தை மட்டும் ஒண்ணும் செய்யக் கூடாது. நான் தெனமும் போன்ல விளிச்சுக் கேப்பேன். கோவிச்சுக்கக் கூடாது.”

“விளிங்க அம்மா. அதுக்கென்ன,” என்றாள் டீச்சர்.

அக்கா கரமனையில் என் வீட்டுக்கு வந்தாள். தினமும் காலையில் காப்பி குடித்ததும் என் போனை வாங்கி விளிப்பாள். “டீச்சரே, மரம் நிக்கா?” அங்கிருந்து, “நிக்குது அம்மா,” என்று பதில் வரும். கொஞ்ச நேரத்தில் மரத்தின் படமும் வரும். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பெரிதாக்கிப் பார்ப்பாள். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, அப்பா சொல்கிற மாதிரியே, “நிக்கி” என்பாள். டீச்சருக்கு எத்தனை வேலை இருந்திருக்கும். ஒருநாள்கூட அவள் சலித்துக்கொள்ளவில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் விடியற்காலையில் அக்கா தூக்கத்திலேயே போய்விட்டாள். காய்ச்சல் இல்லை, ஒன்றும் இல்லை. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். யாரும் கூடக் கூடாத காலம். என் மகனும் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேருமாக எடுத்துக்கொண்டு போனார்கள். டீச்சருக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் இரண்டு காப்பி போட்டுவிட்டு, ஒன்றை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். போனில் படம் வந்தது. முருக்கு மழையில் நனைந்து நின்றது. கீழே பிந்து டீச்சர் எழுதியிருந்தாள்.

“நேத்தும் இன்னைக்கும் விளிக்கலையே அம்மா. மரம் நிக்குது.”